ஜப்பானில் ஜப்பானியம் படிக்க: மொழிப்பள்ளியா, பெக்காவா, பரிமாற்றமா, பட்டமா?

"என்-5 முடித்துவிட்டேன். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஜப்பானியம் படிக்க வேண்டும். எதில் சேரலாம்?" என்று கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் முடிவெடுக்காமல் இருப்பவர்கள் நிறைய. (என்-5 என்பது ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை, உச்சம் என்-1.) பார்க்க ஒரே கேள்விதான். ஆனால் அதற்குள் ஐந்து வழிகள் இருக்கின்றன: மொழிப்பள்ளி, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடக்கும் 'பெக்கா' எனும் மொழிப்படிப்பு, இங்கே படிக்கும் கல்லூரி வழியாகப் போகும் மாணவர் பரிமாற்றம், ஜப்பான் கல்வி அமைச்சு தரும் 'நிக்கென்செய்' உதவித்தொகை, நான்காண்டுப் பட்டம். விண்ணப்பிக்கும் இடம், கேட்கும் தகுதி, முடித்தபின் கையில் வரும் சான்றிதழ் எல்லாமே வழிக்கு வழி மாறும். பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

## முதலில் அளவுகோல்கள்

இன்று நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்? பிளஸ் டூ முடித்தவரா, கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவரா, பட்டம் பெற்றவரா? மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். பரிமாற்றமும் நிக்கென்செய்யும் கல்லூரி மாணவருக்கு மட்டுமே. பட்டம் வாங்கிய அன்றோடு அந்த இரண்டும் மூடிவிடும். கையில் பட்டம் இருந்தால், மொழிப்பள்ளி முடித்ததும் நேராக வேலை விசாவுக்கு மாற இடமுண்டு. பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கு அந்த இடம் இல்லை.

முடித்தபின் என்ன வேண்டும்? ஜப்பானில் வேலையா, அங்கேயே பட்டமா, திரும்பிவந்து மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணியா?

மொத்தச் செலவு எவ்வளவு? கல்விக் கட்டணம் அதில் பாதிகூட இல்லை. யென்னை ரூபாயாக்கும்போது ஒரு யென்னுக்கு 60 காசு என்று வைத்துக் கணக்கிட்டால் பிற்பாடு கையைக் கடிக்காது.

பாடம் போகும் வேகம். தமிழ் பேசுபவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது என ஜப்பானிய வாக்கியம் நமக்குப் பழகிய வாக்கியம். 'தபேதே மிரு' என்பது 'சாப்பிட்டுப் பார்'. 'கத்தே ஒகு' என்பது 'வாங்கி வை'. 'தபேதே ஷிமத்தா' என்பது 'சாப்பிட்டுவிட்டேன்'. ஆங்கிலம் தாய்மொழியான மாணவர் வாரக்கணக்கில் திணறும் இந்தத் துணைவினைகள் நமக்கு ஒரே வகுப்பில் புரிந்துவிடும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தில் நிலைமை தலைகீழ். சீன மாணவர்கள் பாதிப் பாடத்தைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளும் வகுப்பில், இலக்கணத்தில் முன்னே நிற்கும் தமிழ் மாணவர் வாசிப்பில் பின்தங்கிவிடுவார். ஆகவே எந்த இடத்தைத் தேர்ந்தாலும், கான்ஜி அறியாதோருக்குத் தனி வகுப்பு உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | யார் சேரலாம் | கட்டணம் (யென், தோராயம்) | முடித்தபின் |
|---|---|---|---|---|
| மொழிப்பள்ளி | 1 முதல் 2 ஆண்டு | 12 ஆண்டுப் பள்ளிப்படிப்பு, என்-5 அளவு | முதல் ஆண்டு 7 முதல் 9 லட்சம் | பட்டதாரிக்கு வேலை. மற்றவருக்கு மேற்படிப்பு |
| பெக்கா | பெரும்பாலும் 1 ஆண்டு | 12 ஆண்டுப் பள்ளிப்படிப்பு | 6 முதல் 12 லட்சம் | ஜப்பானியப் பல்கலைக்கழகம் |
| பரிமாற்றம் | 6 மாதம் அல்லது 1 ஆண்டு | ஒப்பந்தம் உள்ள கல்லூரியின் மாணவர் | அங்கே கட்டணம் இல்லை | ஊர் திரும்பிப் பட்டம் முடிக்க வேண்டும் |
| நிக்கென்செய் | ஒரு கல்வியாண்டு | ஜப்பானியமே முதன்மைப் பாடமான மாணவர் | இல்லை. மாதம் 1,17,000 உதவி | ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர வேண்டும் |
| பட்டம் (தேசியப் பல்கலைக்கழகம்) | 4 ஆண்டு | நடைமுறையில் என்-2க்கு மேல் | சேர்க்கை 2,82,000. பெரும்பாலும் ஆண்டுக்கு 5,35,800 | பட்டம், வேலை தேடும் விசா |

## மொழிப்பள்ளி

பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலிலேயே தள்ளிவிடும் வழி இது. பட்டதாரிகளில் பலருக்குப் பொருத்தமானதும் இதுவே.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று ஆண்டில் நான்கு முறை சேர்க்கை. வாரம் 20 பாடவேளை. காலை அல்லது பிற்பகல், ஏதேனும் ஒரு நேரம் மட்டும். அதிகபட்சம் இரண்டு ஆண்டு. என்-5 அளவில் போகும் ஒருவர், ஒழுங்காகப் படித்தால், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டில் என்-2 தொடலாம். ஓராண்டில் என்-2 என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

விண்ணப்பத்தைப் பள்ளியே இமிகிரேஷனில் கொடுக்கும். சிஓஇ எனும் தகுதிச் சான்று வந்தபின்தான் விசா. ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய நவம்பருக்குள் தாள்கள் பள்ளியிடம் இருக்க வேண்டும், முடிவு பிப்ரவரி இறுதியில் வரும். அக்டோபர் சேர்க்கைக்கு மே மாதம் கடைசி, முடிவு ஆகஸ்ட் இறுதியில். 150 மணிநேரம் ஜப்பானியம் படித்ததற்கான சான்றோ என்-5 சான்றிதழோ கேட்பார்கள். ஜேஎல்பிடி தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஆனால் டிசம்பர் முடிவு ஏப்ரல் விண்ணப்பத்துக்குக் கைக்கு வராது. ஆகவே ஏப்ரலில் சேர நினைப்பவர் முந்தைய ஜூலைத் தேர்வை எழுதிவிட வேண்டும். பலர் ஆறு மாதத்தைத் தொலைப்பது இந்தக் கணக்கைத் தவறவிட்டுத்தான்.

டோக்கியோவில் முதல் ஆண்டுச் செலவைப் பாருங்கள். கட்டணம் 8 லட்சம் யென். அறை, உணவு, போக்குவரத்து, தொலைபேசி சேர்த்து மாதம் சுமார் 1 லட்சம் என்றால் ஆண்டுக்கு 12 லட்சம். ஆக 20 லட்சம் யென், நம் கணக்கில் 12 லட்சம் ரூபாய். விமானச் சீட்டு, படுக்கை, பாத்திரம், முதல் மாத முன்பணம் தனி.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு:

- பல மொழிப்பள்ளிகளின் மாணவர்களுக்கு ரயிலில் மாணவர் மாதச் சீட்டு கிடைக்காது, முழுக் கட்டணம்தான். பள்ளிக்குச் சலுகை உண்டா என்று முன்பே கேளுங்கள்.
- சிஓஇ மறுக்கப்பட்டால் கல்விக் கட்டணம் திரும்பும். விண்ணப்பக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது, பல இடங்களில் சேர்க்கைக் கட்டணமும் திரும்பாது.
- ஏஜெண்டுக்குப் பல பள்ளிகளே கமிஷன் தருகின்றன. அதற்கு மேல் உங்களிடமும் பெரிய தொகை கேட்பவரிடம், எந்த வேலைக்கு அந்தப் பணம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அனுமதி வாங்கினால் வாரம் 28 மணிநேரம் வேலை செய்யலாம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணிநேரம். டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். தாளில் இது மாதம் 1.3 லட்சத்துக்கு மேல் வரும். ஆனால் என்-5 அளவில் வாடிக்கையாளரோடு பேசும் வேலை கிடைக்காது. முதல் மூன்று நான்கு மாதம் வருமானமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 மணிநேரத்தைத் தாண்டுவது விசா நீட்டிப்பின்போது வரிக் கணக்கில் வெளிப்பட்டுவிடும். இரவு வேலை முடித்துக் காலை வகுப்பில் தூங்கினால் வருகைப் பதிவு சரியும். ஒரு மாதத்தில் வருகை பாதிக்குக் கீழே போனால் பள்ளி அதை இமிகிரேஷனுக்குத் தெரிவித்தாக வேண்டும். 90 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்தால் நீட்டிப்பில் கேள்வி எழாது.

யாருக்கு நல்லது: பொறியியல் போன்ற ஒரு பட்டம் வைத்திருந்து, ஜப்பானில் வேலை தேடுபவருக்கு. வெளிநாட்டில் வாங்கிய இளநிலைப் பட்டத்தை வேலை விசாவுக்கு ஏற்றுக்கொள்வார்கள். படித்த துறைக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இலக்குக்குப் பல்கலைக்கழகப் பெயர் தேவையில்லை, என்-2 போதும்.

## பெக்கா

பல்கலைக்கழகம் நடத்தும் மொழிப்படிப்பு. பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கெய்யோ பல்கலைக்கழகத்தின் பெக்காவும் ஒசாகா பகுதியில் கன்சாய் பல்கலைக்கழகத்தின் பெக்காவும் நன்கு அறியப்பட்டவை. வாசெதாவில் ஜப்பானியமொழி மையமும் நகோயாவில் நான்சான் பல்கலைக்கழகத்தின் ஜப்பானியக் கல்வி மையமும் இதே வேலையை வேறு பெயரில் செய்கின்றன. சேர்க்கை வசந்தம், இலையுதிர் என்று இரண்டே முறை. ஒன்றைத் தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

90 நிமிட வகுப்புகள். நூலகம், மாணவர் மன்றங்கள், உணவகம், மருத்துவ அறை எல்லாம் உண்டு. ஜப்பானிய மாணவரோடு தினமும் பழகும் வாய்ப்பு மொழிப்பள்ளியில் இல்லாத ஒன்று. சில பல்கலைக்கழகங்களில் பெக்காவில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அதே பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு உள்பரிந்துரை கிடைக்கும். பெக்காவுக்குக் கூடுதல் பணம் கட்டுவது நியாயம் என்றால் அது இந்தப் பரிந்துரைக்காகத்தான். விண்ணப்பிக்கும் முன், கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் அப்படி உள்ளே போனார்கள், எந்தத் துறைக்குப் போனார்கள் என்று கேட்டு எண்ணிக்கையாகப் பதில் வாங்குங்கள்.

ஏமாற்றம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, பெக்கா தருவது முடிப்புச் சான்றிதழ், பட்டம் அல்ல. "கெய்யோவில் படித்தேன்" என்று தற்குறிப்பில் எழுதினாலும் வேலை விசா அதிகாரி உங்கள் இந்தியப் பட்டத்தைத்தான் பார்ப்பார். இரண்டு, காலம். என்-5 அளவில் நுழைபவர் ஓராண்டு முடிவில் என்-3 பக்கம் நிற்பார், அது பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போதாது. அதன்பின் மொழிப்பள்ளி தேட வேண்டிவரும், செலவும் இரட்டிக்கும். எனவே என்-4 ஆவது கையில் இல்லாமல் பெக்காவுக்குப் போக வேண்டாம். என்-3 இருந்தால் அந்த ஓராண்டு முழுவதும் பலன் தரும்.

மொழிப்பள்ளிக்கும் பெக்காவுக்கும் பொதுவான ஒரு விஷயம்: மொழி கற்பிக்கும் நிறுவனங்களைக் கல்வி அமைச்சு அங்கீகரிக்கும் புதிய சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய நிறுவனங்களுக்கு 2029 மார்ச் வரை இடைக்கால அவகாசம். நீங்கள் சேரும் இடம் அங்கீகாரம் வாங்கிவிட்டதா, விண்ணப்பித்திருக்கிறதா என்று அமைச்சின் பட்டியலில் சரிபாருங்கள்.

யாருக்கு நல்லது: பிளஸ் டூ முடித்து, என்-4க்கு மேல் இருந்து, ஜப்பானிலேயே பட்டம் படிக்கப் போகிறவருக்கு.

## பரிமாற்றம்

உங்கள் கல்லூரிக்கும் ஜப்பானியப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தால், கட்டணத்தை இங்கே கட்டிவிட்டு அங்கே படிக்கலாம். கிட்டத்தட்ட பெக்கா மாணவர் உட்காரும் வகுப்பு, அதில் பல லட்சம் யென் மிச்சம். சிலருக்கு ஜாஸோ எனும் ஜப்பான் மாணவர் சேவை அமைப்பின் உதவியாக மாதம் 80,000 யென்னும் கிடைக்கிறது. இதைவிட மலிவான வழி, உதவித்தொகையை விட்டால், வேறில்லை. ஆனாலும் பல மாணவர்கள் தங்கள் கல்லூரியின் பன்னாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் ஒருமுறைகூடப் போய்க் கேட்பதில்லை.

பிரச்சினை வருவது கிரெடிட் மாற்றத்தில். அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்கவில்லை என்றால், திரும்பிவந்து ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க நேரும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று புறப்படும் முன்பே துறைத்தலைவரின் கையொப்பத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, யாரை அனுப்புவது என்று உங்கள் கல்லூரி பெயர் கொடுப்பது புறப்படுவதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம் முன்பே முடிந்துவிடும். இறுதியாண்டில் யோசித்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

## நிக்கென்செய்

ஜப்பான் கல்வி அமைச்சின் ஜப்பானியமொழி, பண்பாட்டு உதவித்தொகை. மாதம் 1,17,000 யென், கட்டணம் இல்லை, போகவர விமானச் சீட்டும் உண்டு. இலையுதிர் காலத்தில் தொடங்கி ஒரு கல்வியாண்டு. தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகப் பரிந்துரை வழியாகவும் போகலாம்.

நிபந்தனைகள் கடுமை. வயது 18க்கு மேல், 30க்குள். ஜப்பானுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளநிலை மாணவராக இருக்க வேண்டும். மொத்தம் ஓராண்டாவது ஜப்பானியம் படித்திருக்க வேண்டும். போகும்போதும் திரும்பிவந்த பின்னும் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்துக்கொண்டு மாலையில் மொழி வகுப்புக்குப் போகிறவர், எவ்வளவு நன்றாகப் பேசினாலும், இதற்கு விண்ணப்பிக்க முடியாது. டெல்லியின் ஜேஎன்யு, சாந்திநிகேதனின் விஸ்வபாரதி, ஐதராபாதின் இஃப்ளு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஜப்பானியமே பட்டப்பாடமாக எடுத்தவர்களுக்கான வழி இது. மூன்றாண்டுப் பட்டமென்றால் இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் திரும்பிவந்து படிக்க ஓராண்டு மிச்சம் இருக்க வேண்டும். காலத்தை நீட்டிக்கவும் முடியாது.

தகுதி இருந்தால் மற்ற நான்கையும் பார்க்காமல் முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள்.

## ஜப்பானிய மொழியில் பட்டம்

வெளிநாட்டு மாணவர்கள் ஜப்பானியத்தையே முதன்மைப் பாடமாக எடுக்கக்கூடிய துறைகள் சில உண்டு: சுகுபா பல்கலைக்கழகத்தின் ஜப்பானியமொழி, பண்பாட்டுத் துறை, 2019இல் தொடங்கிய டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஜப்பானியவியல் புலம், ஒசாகா பல்கலைக்கழக அயல்மொழிப் புலத்தின் ஜப்பானியப் பிரிவு. இவை மொழி கற்றுத்தரும் வகுப்புகள் அல்ல. மொழியியல், இலக்கியம், வரலாறு, மொழிக் கற்பித்தல் எல்லாவற்றையும் ஜப்பானியத்திலேயே படிக்க வேண்டும்.

நுழைவுக்கு இஜேயு எனும் வெளிநாட்டு மாணவருக்கான தேர்வு ஜூனிலும் நவம்பரிலும் நடக்கிறது. ஜப்பானியப் பாடத்துக்கு 450 மதிப்பெண். அதில் 50 கட்டுரைக்கு. அதன்பின் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தேர்வும் நேர்காணலும். பல இடங்களில் அதற்கு நேரில் போக வேண்டும். விமானச் செலவை விண்ணப்பச் செலவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஊரிலிருந்தபடியே முடிவு சொல்லும் பல்கலைக்கழகங்கள் குறைவு. கட்டணமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல: டோக்கியோ பல்கலைக்கழகம் 2025 ஏப்ரலில் சேர்ந்த இளநிலை மாணவர்களுக்கு 6,42,960 யென்னாக உயர்த்திவிட்டது.

ஏற்கெனவே பட்டம் உள்ளவர்கள் 'கென்க்யூசெய்' எனும் ஆய்வு மாணவர் வழியை மொழி படிக்கும் குறுக்குவழியாக நினைப்பதுண்டு. தேசியப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை 84,600 யென், மாதம் 29,700 யென், பார்க்க மலிவு. ஆனால் அது முதுநிலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் இடம். ஒரு பேராசிரியர் உங்கள் ஆய்வுத் திட்டத்தைப் படித்து ஏற்க வேண்டும். மொழி மட்டுமே நோக்கமென்றால் அவர் ஏற்க மாட்டார்.

## எந்த வழியிலும் சிக்கும் இடங்கள்

பெயர். தமிழர்களின் தாள்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். மதிப்பெண் பட்டியலில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயராக, வங்கிக் கணக்கில் அப்பாவின் பெயர் வேறு எழுத்துக்கூட்டில். முதலெழுத்து எதன் சுருக்கம் என்பது ஜப்பானிய அதிகாரிக்குத் தெரியாது. விண்ணப்பம் முழுவதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற தாள்களில் மாறி இருந்தால், எந்தப் பெயர் யாருடையது என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை, ஜப்பானிய மொழிபெயர்ப்போடு, முதல் நாளிலேயே இணையுங்கள். அவர்கள் கேட்டபின் அனுப்பினால் வாரங்கள் போய்விடும்.

வங்கிக் கணக்கு. இமிகிரேஷன் பார்ப்பது இருப்புத் தொகையை மட்டுமல்ல, அது எப்படிச் சேர்ந்தது என்பதையும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் வாங்கிப் போட்ட 10 லட்சம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். நிலம் விற்றோ நகைக்கடன் வாங்கியோ வந்த பணமென்றால் அதற்கான ஆவணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வருமான வரிக் கணக்கும் இருப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

இறங்கியபின். குடியேறிய 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேருங்கள். மருத்துவச் செலவில் 30 விழுக்காடுதான் உங்களுடையது. 20 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியச் சந்தா கட்டச் சொல்லித் தாள் வரும்: 2025ஆம் நிதியாண்டில் மாதம் 17,510 யென். விலக்கு மனு கொடுக்காவிட்டால் அது கடனாகச் சேர்ந்துகொண்டே போகும். பல்கலைக்கழக மாணவருக்கு மாணவர் விலக்கு உண்டு. உங்கள் மொழிப்பள்ளி அந்தப் பட்டியலில் இல்லையென்றால், வருமானம் குறைந்தோருக்கான பொது விலக்கை அதே கவுண்டரில் கேளுங்கள்.

அறை. முதல் ஆறு மாதம் விடுதியிலேயே இருங்கள். தனி வீடென்றால் முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'ரெய்கின்', தரகுத்தொகை, உத்தரவாத நிறுவனக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாத வாடகையை ஒரே நாளில் கேட்பார்கள். விடுதி இடம் தருகிறீர்களா என்ற கேள்வியை விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். சேர்க்கை உறுதியானபின் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும்.